செமாக்ஸ் மூக்குத் தெளிப்பின் அளவு குறித்து ஓர் ஐயம்

நண்பர்களுக்கு வணக்கம். ரஷ்யாவில் உருவாக்கப்பட்ட, ஏழு அமினோ அமிலங்களைக் கொண்ட செமாக்ஸ் என்னும் பெப்டைடு (குறுகிய அமினோ அமிலச் சங்கிலி) மருந்தை மூக்கில் இடும் அளவைப் பற்றி உங்கள் உதவியை நாடுகிறேன். 0.1 விழுக்காட்டுக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் மருந்து இருப்பதால், சுமார் 0.05 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சொட்டில் 50 மைக்ரோகிராம் கிடைக்கும் என்பது வரை எனக்குத் தெளிவாக இருக்கிறது.

ஆனால் என்னிடம் இருப்பது சொட்டுக் குப்பி அல்ல, தெளிப்புக் குப்பி. ஒருமுறை அழுத்தும்போது அது 0.1 மில்லிலிட்டர் வெளியேற்றுமானால், சொட்டுக்கணக்கில் சொல்லப்பட்ட அளவை அப்படியே பின்பற்றும் நான் அறியாமலேயே இருமடங்கு எடுத்துவிடுவேன். குப்பியின் மேல் செறிவு மட்டுமே அச்சிடப்பட்டுள்ளது. ஓர் அழுத்தத்தின் அளவு எங்கும் இல்லை. இதே மருந்து 1 விழுக்காட்டுச் செறிவிலும் வருவதால், அங்கே தவறினால் பிழை பத்து மடங்காகிவிடும் என்பதுதான் என்னை மிகவும் அச்சுறுத்துகிறது.

முதல் சில அழுத்தங்களை வீணாக விட்டுவிட்டு, அடுத்த பத்து அழுத்தங்களுக்கு முன்னும் பின்னும் குப்பியை நுண்தராசில் எடைபோட்டுச் சராசரி காண்பது நம்பத்தக்க முறையா? தொண்டைக்குள் வழிந்துவிடும் பகுதியை எப்படிக் கணக்கிடுவது? நான் இன்னும் மருந்தைத் தொடங்கவில்லை. மருத்துவரிடம் சரியான விவரங்களோடு செல்ல விரும்புகிறேன். ஆகவே மருந்தியல் பயின்றவர்களும் தெளிப்புக் குப்பிகளை அளந்து பார்த்தவர்களும் அருள்கூர்ந்து விளக்க வேண்டுகிறேன்.