கோல்ட் 1903 பாக்கெட் பிஸ்டல்: துருவை எடுத்து மறுபடி நீலம் ஏற்றுவது எப்படி?

துருநீக்கி (கேள்வி)

அமெரிக்காவில் சட்டப்படி வைத்திருக்கும் கோல்ட் 1903 பாக்கெட் ஹேமர்லெஸ் (ஹேமர், அதாவது சுத்தியல், உள்ளே மறைந்திருக்கும்), .32 ஏசிபி தோட்டா. பேரல் 3¾ அங்குலம், முனையில் புஷிங் (பேரலைத் தாங்கும் தனி வளையம்) இல்லை, மேகசின் சேஃப்டியும் (மேகசின் இல்லாதபோது சுடவிடாத பூட்டு) இல்லை. ஆகவே மூன்றாம் வகை, 1910-க்கும் 1926-க்கும் இடைப்பட்டது. ஸ்லைடின் (மேலே முன்பின் நகரும் பகுதி) வலப்புறம் முழுக்கச் செந்துரு, அதற்கடியில் சின்னச் சின்னக் குழிகள். இடப்புறத்தில் பழைய நீலம் (இரும்பின் மேல் ஏற்றிய கருநீலப் பூச்சு) பாதிக்கு மேல் நிற்கிறது, எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன. கடின ரப்பர் பிடித்தகடுகள் பழுப்பேறிவிட்டன.

ஒரு இரவு வினிகரில் ஊறவைத்து, பஃபிங் சக்கரத்தில் பளபளப்பாக்கி, கடையில் பாட்டிலில் கிடைக்கும் கோல்டு ப்ளூ (சூடாக்காமல் பூசும் நீலத் திரவம்) பூசலாம் என்று நினைக்கிறேன். இது சரியா? துருவேற்றி நீலமாக்கும் பழைய முறை வீட்டில் சாத்தியமா? உப்புத்தாளை எந்த எண்ணோடு நிறுத்த வேண்டும்?

மெல்லிய அரம்

வினிகர் வேண்டாம். துருவைத் தின்கிற அமிலம் பழைய நீலத்தையும் சேர்த்தே தின்னும். அதுவும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். துரு நீக்கத் திரவங்களும் மின்பகுப்பும் அப்படியே. காலையில் எடுத்துப் பார்த்தால் இடப்புறம் நன்றாக இருந்த பகுதியும் சாம்பல் நிறமாகியிருக்கும்.

முதலில் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பரை (தோட்டா நிற்கும் அறை) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். உங்கள் வகையில் மேகசின் சேஃப்டி கிடையாது. மேகசின் வெளியே இருந்தாலும் சேம்பரில் தோட்டா இருந்தால் சுடும். பிறகு ஸ்லைடின் முன்முனைக்கு அருகே உள்ள குறி ஃபிரேமின் முன்விளிம்போடு சேரும்வரை பின்னால் இழுத்து, பேரலைத் திருப்பினால் பிடிமானம் விட்டு ஸ்லைடு முன்பக்கமாகக் கழன்று வரும்.

ஸ்லைடை அசிட்டோனில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். உலர்ந்ததும் எண்ணெய் நீக்கிய 0000 ஸ்டீல் வூலால் (மிக நுண்ணிய இரும்பு நார்) அழுத்தாமல் தேய்த்தால் தளர்ந்த துரு உதிரும், அடியில் மிச்சமிருக்கும் நீலம் நிற்கும். இரண்டு மூன்று தடவை செய்து, எண்ணெய் பூசிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். பல துப்பாக்கிகளுக்கு இதுவே போதும். சேகரிப்பாளர் பார்வையில் தேய்ந்த அசல் பூச்சுக்கு உள்ள மதிப்பு புதுப்பூச்சுக்குக் கிடையாது. சுரண்டிய இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

உருக்குநீலம்

மேலே சொன்னதைச் செய்த பிறகும் வலப்புறம் பார்க்கச் சகிக்கவில்லை என்றால், துருநீலம், அதாவது நீங்கள் கேட்ட துருவேற்றி நீலமாக்கும் முறை, வீட்டிலேயே செய்யலாம். கோல்டு ப்ளூவை ஒரு திருகுத் தலைக்கோ சின்னக் கீறலுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். அது செலினியமும் செம்பும் படிந்த மெல்லிய படலம். முழு ஸ்லைடில் பூசினால் திட்டுத்திட்டாகத் தெரியும், கைபட்ட இடமெல்லாம் சீக்கிரம் போய்விடும். செலினியம் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. காரக்கொதிகலன் நீலம் 135 முதல் 150 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் காஸ்டிக் சோடா. வீட்டுச் சமையலறையில் அதற்கு இடமில்லை.

வேலையில் பத்தில் ஒன்பது பங்கு மேற்பரப்பைத் தயார் செய்வதுதான். பஃபிங் சக்கரத்தை மறந்துவிடுங்கள். அது விளிம்புகளை உருட்டிவிடும், திருகுத் துளைகளைச் சுற்றிக் கிண்ணம்போல் குழிக்கும், எழுத்துகளை மழுக்கிவிடும். உப்புத்தாளைத் தட்டையான கடின மரத்துண்டில் சுற்றி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். 220, 320, 400, அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போய்ப் பயனில்லை, துருவேற்றும்போது அந்தப் பளபளப்பு எப்படியும் மங்கிவிடும். அசல் கோல்ட் பூச்சின் கண்ணாடி மினுக்கம் இதில் வராது. மென்மையான கருநீலச் சாட்டின் வரும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, ஆனால் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நகத்தில் தட்டுப்படும் ஆழமான குழியை விட்டுவிடுங்கள். அதை எடுக்க முழுப் பக்கத்தையும் இறக்க வேண்டும், எழுத்துகள் போய்விடும். ஃபிரேமின் இடப்புறத்தில் வரிசை எண் இருக்கிறது. அந்த இடத்தில் உப்புத்தாளே படக்கூடாது. எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

இனி பூச்சு. பேரலின் இரு முனைகளிலும் கூம்பு மரக்குச்சி அடித்து மூடுங்கள், கைப்பிடியாகவும் உதவும். உட்துளையில் முன்கூட்டியே வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் நீராவி புகுந்தாலும் துருப்பிடிக்காது. அசிட்டோனால் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடவே கூடாது. ஒரு விரல்ரேகை போதும், அந்த இடம் வெள்ளையாக நிற்கும்.

பில்கிங்டன் போன்ற துருவேற்றும் கரைசலைப் பஞ்சில் தொட்டு, நன்றாகப் பிழிந்து, கிட்டத்தட்ட உலர்ந்த பஞ்சால் முனையிலிருந்து முனைவரை ஒரே இழுப்பு. போன இடத்தில் திரும்பப் போகாதீர்கள். மூடிய பெட்டியில் ஒரு தட்டு வெந்நீரோடு தொங்கவிடுங்கள். 30 டிகிரி வெப்பமும் நல்ல ஈரமும் இருந்தால் 3 அல்லது 4 மணி நேரத்தில் வெல்வெட் போல மெல்லிய காவித்துரு படியும். ‘இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும்’ என்று இரவு முழுக்க விட்டால் புதிய குழிகள்தான் மிஞ்சும்.

பிறகு எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சி வடித்த நீரில் 15 நிமிடம் கொதி. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அதிலுள்ள உப்பு வெள்ளைத் தடமாக நிற்கும். வெளியே எடுத்ததும் இரும்பின் சூட்டிலேயே நீர் உலர்ந்துவிடும். கறுப்புப் பொடியை 0000 வூலால் லேசாகத் துடையுங்கள். இது ஒரு சுற்று. முதல் சுற்றில் அழுக்குச் சாம்பல் நிறம்தான் வரும், அதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். ஆறிலிருந்து எட்டுச் சுற்றில் நிறம் கூடாமல் நின்றுவிடும்.

கடைசிக் கொதிக்குப் பின் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து முக்குங்கள். அமிலம் மிச்சமிருந்தால் துரு உள்ளே தொடர்ந்து வேலை செய்யும். வெந்நீரில் அலசி, சூடு ஆறும் முன் எண்ணெயில் மூழ்கவைத்து ஒரு நாள் விடுங்கள்.

வால்நட்

பிடித்தகடு பற்றி யாரும் சொல்லவில்லை. கடின ரப்பருக்கு வெந்நீரும் கரைப்பானும் ஆகாது, வெயிலும் ஆகாது. பழுப்பு நிறம் ரப்பரில் உள்ள கந்தகம் வெளிச்சம் பட்டு ஆக்சைடாவதால் வருவது; தேய்த்தால் சித்திரம்தான் போகும். ஈரத்துணியில் துளி சோப்பு, பிறகு உலர்ந்த துணி, அவ்வளவுதான். நூறு வருஷ ரப்பர் நொறுங்கும். திருகை இறுக்கிப் போடாதீர்கள்.

துருப்பிடித்த திருகில் ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருங்கள். பள்ளத்துக்கு அச்சாகப் பொருந்தும் திருப்புளி மட்டும்.

சியர் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி), ஹேமர், ஸ்பிரிங் எதையும் துருவேற்ற வேண்டாம், உப்புத்தாளால் தொடவும் வேண்டாம். சியர் முனையில் மயிரிழை தேய்ந்தாலும் ஹேமர் பிடியில் நிற்காது. ஒரு அழுத்தத்துக்கு இரண்டு தோட்டா பாயலாம். ரீகாயில் ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பூட்டிய பின் காலித் துப்பாக்கியில் சோதியுங்கள்: பின்பக்கப் பிடி சேஃப்டியை அழுத்தாமல் ட்ரிகர் விடக்கூடாது, கட்டைவிரல் சேஃப்டி போட்டாலும் விடக்கூடாது, ஸ்லைடைப் பத்துத் தடவை விட்டாலும் ஹேமர் கூடவே விழக்கூடாது. ஒன்றில் தவறினாலும் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கி பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது.

துருநீக்கி

கொதிக்க வைத்ததில் இடப்புறம் நன்றாக வந்தது. வலப்புறத்தை 400 வரை தேய்த்து முழு ஸ்லைடுக்கும் துருநீலம் தொடங்கினேன். மூன்று சுற்று முடிந்தது. குழிகளைச் சுற்றிச் செம்பு நிறத் திட்டு, பின்விளிம்பில் நிறமே பிடிக்காத விரலகல இடம். மறுபடி தேய்த்து முதலிலிருந்தா?

உருக்குநீலம்

தேவையில்லை. செம்பு நிறம், பஞ்சு அதிகம் நனைந்திருப்பதால் வருவது. குழியில் கரைசல் தேங்கி, அதிலுள்ள செம்பு உப்பு உலோகமாகப் படிகிறது. அந்த இடத்தை வூலால் கொஞ்சம் அழுத்தித் துடைத்துவிட்டு, அடுத்த பூச்சைப் பாதி ஈரத்தில் கொடுங்கள். இரண்டு சுற்றில் மறையும்.

நிறம் பிடிக்காத இடம் எண்ணெய். பின்விளிம்பு என்பதால், ஃபயரிங் பின் துளைக்குள் தங்கிய பழைய எண்ணெய் கொதிக்கும்போது கசிந்திருக்கும். துளையில் அசிட்டோனைப் பீய்ச்சி இரண்டு மூன்று தடவை அலசுங்கள், பிறகு கரைசல் இல்லாமல் ஒருமுறை வெறும் நீரில் கொதிக்க வையுங்கள். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் உடனே ஸ்லைடை மேலே தூக்காதீர்கள், படலம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். முதலில் காகிதத்தால் படலத்தை வழித்தெடுங்கள். பயன்படுத்தும் ஸ்டீல் வூலையும் அசிட்டோனில் கழுவினீர்களா என்று பாருங்கள், கடையில் வருவதில் எண்ணெய் இருக்கும். நான்காவது சுற்றை அந்த வெள்ளை இடத்தில் மட்டும் கொடுத்து, ஐந்தாவதிலிருந்து முழு ஸ்லைடுக்கும் தொடருங்கள்.