சின்னம்மைக்கு ஆஸ்பத்திரி எதற்கு?

வேம்படியான்: பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது. ஒன்பது வயது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் வேப்பிலைப் படுக்கை, இளநீர், நுங்கு, மூன்று தண்ணீர், அவ்வளவுதான். சின்னம்மைக்கு எந்தப் பிள்ளையையும் சேர்க்க வேண்டியதில்லை. பயம் காட்டிக் காசு பிடுங்குகிறார்கள்.

குற்றாலச்சாரல்: “எந்தப் பிள்ளையையும்” என்று எழுதாதீர்கள். என் மகளை நானும் வேப்பிலையில்தான் படுக்க வைத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் திரும்ப ஏறியது. தொடையில் ஒரு கொப்புளத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கொதித்தது. டாக்டர் அந்தச் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டார். சாயங்காலம் பார்த்தால் சிவப்பு கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஆறு நாள் ஊசி வழியே ஆன்டிபயாட்டிக்.

வேம்படியான்: நகம் வெட்டினீர்களா? சொறிந்து அழுக்கு ஏறியிருக்கும். அதற்கு அம்மை என்ன செய்யும்?

குற்றாலச்சாரல்: முதல் நாளே வெட்டினேன்.

வேம்படியான்: ஒட்ட வெட்டினீர்களா?

மருந்துக்கடைத்தம்பி: அண்ணே, நகத்தை விடுங்கள். சின்னம்மையில் நிமோனியா வரும், மூளைக்காய்ச்சல் வரும், சிறுமூளை பாதித்துப் பிள்ளை நடக்க முடியாமல் தள்ளாடும். நகத்துக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவில் 1995இல் தடுப்பூசி வரும் முன்பு வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் பேருக்கு அம்மை. 10,500க்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 100 முதல் 150 பேர் செத்தார்கள்.

வேம்படியான்: அப்படியென்றால் நானூறு பேரில் ஒருவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நீயே என் பக்கம் பேசுகிறாய். போன வருஷம் நிலவேம்புக் கஷாயத்துக்கும் இப்படித்தான் கணக்கோடு வந்தாய், நான் மறக்கவில்லை. அந்த ஒருவரும் நகம் வெட்டியிருந்தால் தப்பியிருப்பார்.

சமயபுரத்தாள்பிள்ளை: இரண்டு பேருமே ஆத்தாவை நோய், கிருமி என்கிறீர்கள். வீட்டில் தாளிக்காமல் சுத்தமாக இருந்தால் அவளே இறங்கிவிடுவாள்.

மருந்துக்கடைத்தம்பி: கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். ஆனால் ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அம்மை போட்ட பிள்ளைக்கு அது ஈரலையும் மூளையையும் கெடுக்கும். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் கொப்புளம் கண்ட அன்றே டாக்டரிடம் போங்கள். வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தை 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். வளர்ந்த பிள்ளைகளை அம்மை கடுமையாகப் படுத்தும்.

சமயபுரத்தாள்பிள்ளை: தாளிப்பைப் பற்றிச் சொன்னேன், பதில் இல்லை.

குற்றாலச்சாரல்: தாளிப்பு, நகம்! நாங்கள் முதலில் போன ஆஸ்பத்திரியில் அம்மை என்றதுமே தனி அறை இல்லை என்று வாசலோடு அனுப்பினார்கள். மடியில் பிள்ளை அனலாகக் கிடக்க, அடுத்த ஊருக்கு ஆட்டோவில் போனேன். நம் அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் சின்னம்மைத் தடுப்பூசி கிடையாது. குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டு டோஸ் போடச் சொல்கிறது, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். யாரும் எனக்குச் சொல்லவில்லை. காசு பிடுங்குவதைப் பற்றிப் பேசுகிறவர் இதைக் கேட்கலாமே?

வேம்படியான்: தடுப்பூசி வேறு பேச்சு. நகத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல்: சொல்லிவிட்டேன். முதல் நாளே வெட்டினேன். நீங்கள் முதலில் “எந்தப் பிள்ளையையும்” என்பதை அழியுங்கள்.

வேம்படியான்: அழிக்க மாட்டேன்.

மருந்துக்கடைத்தம்பி: பக்கத்து வீட்டுப் பையன் இப்போது எப்படி இருக்கிறான், அதையாவது கேட்டீர்களா?

வேம்படியான்: அவன் நகத்தை நான் பார்த்தேன். வெட்டவே இல்லை.