புதுப்பிப்பு: பாதி ஏற்றத்தில் நிற்காத துப்பாக்கிக் குதிரை

உரிமத்துடன் மலேசியாவின் பகாவ் ஊரிலுள்ள வீட்டில் வைத்திருக்கும், குழல்வாயில் மருந்திடும் துப்பாக்கியின் குதிரை (சுடும்போது அடிக்கும் சுத்தி) பாதி ஏற்றத்தில், அதாவது பாதி பின்னிழுத்த பாதுகாப்பு நிலையில், நழுவுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். குதிரையை நிறுத்தும் உள்வெட்டு தேய்ந்திருக்கும், அரத்தால் ராவுங்கள் என்றார்கள் சிலர். நல்லவேளை, ராவவில்லை!

குழல் காலி என்று உறுதிசெய்து பூட்டை (குதிரையும் அதை இயக்கும் பாகங்களும் சேர்ந்த அமைப்பு) தனியே கழற்றி இயக்கினேன். பாதியிலும் முழுதிலும் கச்சிதமாக நின்றது. துப்பாக்கியின் மரக்கட்டையில் பொருத்தினால்தான் கோளாறு. வெட்டுக்குள் விழுந்து குதிரையைப் பிடிக்கும் கொண்டியின் கைப்பகுதியில் விளக்குக்கரியைப் பூசிப் பொருத்தி எடுத்ததும் மரத்தில் கரும்புள்ளி தெரிந்தது. ரப்பர்த் தோட்டத்து ஈரக்காற்றில் கட்டை உப்பி, கொண்டியை வெட்டுக்குள் முழுதாக விழவிடாமல் தடுத்திருக்கிறது.

புள்ளி விழுந்த இடத்தை மட்டும் தாள் கனத்துக்குச் சுரண்டி, சுரண்டிய மரத்தில் ஆளி எண்ணெய் தடவினேன். இப்போது குதிரை அசையாமல் நிற்கிறது. எஃகில் கை வைக்கும் முன் மரத்தைப் பாருங்கள்.