பாட்டி பிறந்தது லைனிலா, லயத்திலா, லாயத்திலா?

சிப்புட்_அம்மா:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகள் படிவம் 2 படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்தில் ‘லைன்’ என்ற சொல்லைப் பத்து வெவ்வேறு பொருளில் வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். கோடு, வரிசை, கவிதையின் அடி, தூண்டில் தங்கூசி, டெலிபோன், ரயில் பாதை என்று ஒன்பது வாக்கியம் தேறிவிட்டது. பத்தாவது: ‘என் கொள்ளுப்பாட்டி லைனில் பிறந்தார்.’ அதை மட்டும் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் ‘வீடு என்று எழுது’ என்று போட்டிருக்கிறார் ஆசிரியை. கொள்ளுப்பாட்டி பிறந்தது தோட்டத்து லயத்தில்தான், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். வரிசையாகப் பன்னிரண்டு கதவு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க்குழாய். இப்போது அந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. மகள் எழுதியது தப்பா? லயமும் லைனும் ஒன்றுதானே?

தனித்தமிழ்_தம்பி:
ஒன்று இல்லை அக்கா. லயம் என்பது நம் ‘லாயம்’. குதிரை கட்டும் இடம். மனிதர்களைக் குதிரை மாதிரி அடைத்து வைத்த இடத்துக்கு நம் ஆட்களே வைத்த பெயர். 1948இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் வந்த பிறகு லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்களே, லாயம் என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? இதை ‘லைன்’ என்று எழுதினால் கதையே மாறிப்போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லைப் போட்டு எல்லா வேலையும் வாங்குவது சொல் பஞ்சம். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு மட்டும் 430 பொருள் போட்டிருக்கிறார்கள். நமக்குக் கோடு வேறு, வரிசை வேறு, நிரை வேறு, அடி வேறு, கயிறு வேறு, கொடி வேறு.

பழைய_கிராணி:
தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் நான் முப்பத்தொரு வருஷம் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதியவன். பேரேட்டில் தலைப்பே ‘லேபர் லைன்ஸ்’ என்றுதான் இருக்கும். ஓட்டை மாற்றினால், சுண்ணாம்பு அடித்தால் அந்தக் கணக்கில்தான் செலவு ஏறும். இந்தச் சொல் பட்டாளத்து வழக்கு. கூடாரமோ குடிசையோ வரிசையாகப் போட்டால் அது ‘லைன்ஸ்’. பினாங்கில் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்று இன்றைக்கும் இடப்பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘போலீஸ் லைன்’. இலங்கை மலையகத்தில் இன்னும் ‘லயன்’ என்றே சொல்கிறார்கள். லைன் லயன் ஆகி, நம் வாயில் லயம் ஆனது. லாயம் என்று யாரும் சொல்லி என் காதில் விழுந்ததே இல்லை.

என் தாத்தாவின் கதையைக் கேளுங்கள். ஒரு கப்பல் லைனின் ரஜூலாவில் ஏறினார். 1926இல் கட்டிய கப்பல் அது. பினாங்கில் இறங்கியதும் ஜெரஜாக் தீவில் தொற்று பார்க்க லைனில் நிற்க வைத்தார்கள். அப்புறம் ரயில் லைன். தோட்டத்தில் லைன் வீடு. மறுநாள் விடியற்காலை மரத்து லைன், அதாவது நிரை. ஐந்தும் ஐந்து பொருள், ஆள் ஒருவர்தான். இதையா பஞ்சம் என்கிறீர்கள்?

கித்தா_ராசா:
கிராணி ஐயா நம் ஊர் லைனையெல்லாம் விட்டுவிட்டீர்களே. மழை பெய்தால் கைப்பேசியில் ‘லைன் இல்லை’. வீட்டில் அப்பா இல்லையென்றால் ‘லைன் கிளியர்’. அது ரயில்காரர் பேச்சு. முன்னால் தண்டவாளத்தில் வண்டி இல்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்த வண்டியை விடுவார்கள். நாம் அதை நாசி கண்டார் சோற்றுக்கடைப் பெயர் வரைக்கும் கொண்டு போய்விட்டோம். பெண் பார்க்கப் போனால் ‘பையன் எந்த லைனில் இருக்கான்?’ போகாமலே பார்த்தால் ‘லைன் போடுறான்’. இதையெல்லாம் எழுதினால் உங்கள் மகளுக்குப் பத்து போதாது அக்கா. கடைசியை மட்டும் எழுத வேண்டாம்.

தனித்தமிழ்_தம்பி:
சிரிப்பு இருக்கட்டும். ஒரே ஒலியைக் கேட்டுப் பொருளை ஊகித்துக்கொண்டிருப்பது மொழிக்கு அழகா?

வேறு_பள்ளி_டீச்சர்:
நான் வேறு பள்ளியில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறேன். அந்த ஆசிரியைக்காக ஒரு வார்த்தை. ‘லைனில் பிறந்தார்’ என்று ஒருமையில், முன்னால் ‘தி’கூட இல்லாமல் எழுதினால், வெளியாள் ஒருவர் ‘பாட்டி கியூவில் நிற்கும்போது பிறந்துவிட்டார்’ என்றுதான் படிப்பார். குடியிருப்பு என்ற பொருளில் அது வழக்கமாகப் பன்மை. ‘தி லேபர் லைன்ஸ்’ என்று எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அடித்தது சரி. ‘வீடு என்று எழுது’ என்றதுதான் சரியில்லை. அந்தப் பொருள் அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

தம்பிக்கும் ஒன்று. ‘லைன்’ வெறும் ஒலிக் குழப்பம் இல்லை. வேர் லத்தீனில் ‘லீனம்’, ஆளிச்செடி. நம் கடையில் ஆளிவிதை விற்கிறார்களே, அதே செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. அதே நாரில் நெய்த துணி லினன். சட்டைக்குள் அந்தத் துணியை வைத்துத் தைத்ததால் ‘லைனிங்’. நூலை இழுத்துப் பிடித்தால் கோடு. கோட்டின்மேல் ஆளை நிறுத்தினால் வரிசை. தலைமுறையைக் கோர்த்தால் பரம்பரை. எல்லாம் ஒரே நாரிலிருந்து பிரிந்த இழைகள்.

செம்பனை_மண்டோர்:
டீச்சர் சொன்னதை நாங்கள் மண்ணில் செய்கிறோம். மறுநடவுக்கு முன்னால் ‘லைனிங் போடுவது’ என்று ஒரு வேலை உண்டு. அளவுக்குச் சிவப்புத் துணி முடிந்த கயிற்றை இரண்டு பேர் இழுத்துப் பிடிப்பார்கள். மூன்றாவது ஆள் துணி இருக்கும் இடத்திலெல்லாம் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போவார். ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்டால் ஹெக்டருக்கு ஏறக்குறைய 143 கன்று. வெயிலில் கயிறு தொய்ந்ததைப் பார்க்காமல் அடித்துவிட்டால், மரத்தை வெட்டும்வரை இருபத்தைந்து வருஷம் அந்தத் தொய்வு அப்படியே நிற்கும். யார் கயிறு பிடித்தது என்று எங்கள் மேற்பார்வையாளர் பெரிய தண்டல் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு தடவை அது நான்தான்.

பழைய_கிராணி:
மண்டோர் கயிற்றைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. நன்னூல் பாயிரத்தில் தச்சன் நூல் பிடித்து மரத்தின் கோணலைத் தீர்ப்பதும், படிக்கிற நூல் மனக் கோணலைத் தீர்ப்பதும் ஒன்று என்று வருகிறது. பஞ்சு நூலுக்கும் புத்தகத்துக்கும் நாமும் ஒரே சொல்தானே வைத்திருக்கிறோம்? தொல்காப்பியமே ‘வேறுபொருள் குறித்த ஒருசொல்’ என்று இதற்கு இலக்கணம் சொல்லிவிட்டது. பிங்கல நிகண்டில் ஒருசொல் பல்பொருளுக்கு ஒரு தொகுதியே உண்டு. தம்பி தனியாக வைத்த ‘கோடு’ இருக்கிறதே, அது கொம்பு, மரக்கிளை, மலைமுகடு, சங்கு, குளக்கரை எல்லாம்தான். சொல் பஞ்சமா?

சிப்புட்_அம்மா:
தம்பி தனியாக வைத்த கொடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் துணியை எடுக்கும்போது தோன்றியது. பந்தலில் படர்வது கொடி. துணி காயப்போடுவது கொடி. கோயிலில் ஏற்றுவது கொடி. கழுத்தில் தாலிக்கொடி, வயிற்றில் தொப்புள்கொடி. வம்சத்தைச் சொல்ல ‘கொடிவழி’. ஆங்கிலக்காரன் நாரைப் பிடித்துப் போய்ச் சேர்ந்த பரம்பரைக்கு நாம் கொடியைப் பிடித்துப் போய்ச் சேர்ந்திருக்கிறோம்.

தனித்தமிழ்_தம்பி:
கொடிவழியை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. அழகாகப் பிடித்தீர்கள். பஞ்சம் என்ற சொல்லையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் லயம் லாயம்தான். அதை விடமாட்டேன்.

பழைய_கிராணி:
இலங்கை ‘லயன்’ எங்கிருந்து வந்தது? குதிரை கட்டும் இடத்தை எங்கேயாவது ‘லாயன்’ என்று சொல்கிறார்களா?

தனித்தமிழ்_தம்பி:
ஊருக்கு ஊர் சொல் திரியாதா ஐயா? லைன் திரியலாம், லாயம் திரியக்கூடாதா?

கித்தா_ராசா:
இது இன்றைக்கு முடியாது. நான் போய்ப் பசியாறிவிட்டு வருகிறேன்.

சிப்புட்_அம்மா:
மகள் டீச்சர் சொன்னபடி பன்மையில் திருத்தி எழுதிவிட்டாள். கிராணி ஐயா சொன்ன ‘லேபர் லைன்ஸ்’ அப்படியே போயிருக்கிறது. நாளைக்குக் கொண்டுபோய்க் காட்டுவாள். நீங்கள் இருவரும் விடுவதாகத் தெரியவில்லை என்று என் அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அம்மாவும் அதே லயத்தில் ஆறாவது கதவில் வளர்ந்தவர். “லைனா, லயமா, லாயமா? உங்க வாயில என்னம்மா வரும்?” என்றேன். பீன்ஸ் உரித்துக்கொண்டே சொன்னார்: “வெளி ஆளுங்க கேட்டா லயம்னு சொல்லுவோம். நமக்குள்ள வீடுதான்.”

கித்தா_ராசா:
அப்படியென்றால் அந்த ஆசிரியை எழுதியதுதான் சரியா?