மறுமொழி: பிரவுன் அவுட் - ‘மின்மயக்கம்’ என்றால் என்ன குறை?

வணக்கம்,

> ‘குறைமின்னழுத்தம்’ என்றே இருக்கட்டுமே, ஏற்கெனவே உள்ள சொல்தானே.

உள்ள சொல்தான், ஆனால் அது வேறொன்றின் பெயர். நம் கைநூலுக்குத் தமிழ்ச்சொல் தேடுவது ‘பிரவுன் அவுட்’டுக்கு, அதாவது மின்னழுத்தம் போதாமல் சிப் தன்னை நிறுத்தி மீண்டும் தொடங்குவதற்கு. போன கிழமை எங்கள் பிள்ளைகளின் போட்டி றோபோவோடு இரண்டு பின்னேரம் மல்லுக்கட்டிவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

றோபோ மேசையில் நன்றாக ஓடும். களத்தில் மற்ற றோபோவை முட்டித் தள்ளத் தொடங்கினால் ஒரு நொடி செத்துப்போகும், பிறகு ஒன்றும் நடவாததுபோல எழும்பி நிற்கும். கணினியில் பார்த்தால் ஈஎஸ்பி32 (றோபோவை இயக்கும் சிப்) ‘பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் ட்ரிகர்ட்’ என்று ஒரு வரி அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. பற்றரியை அளந்தால் 7.9 வோல்ற், குறையே இல்லை. பிள்ளைகள் புரோகிராமைக் குற்றம் சொல்ல, நான் பற்றரியைக் குற்றம் சொல்ல, முதல் பின்னேரம் அப்படியே போனது. மறுநாள் மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் மற்றதை மெயின் சுவிட்சுக்கு அப்பாலும் வைத்து, றோபோவின் சில்லுகளை (சக்கரங்களை) கையால் இறுக்கிப் பிடித்தோம். 1.5 வோல்ற்! சுவிட்சின் காலில் கம்பியைப் பற்றவைத்த ஈயம் பளபளவென்று உருண்டு நின்றதே தவிரப் பிடித்திருக்கவில்லை, கம்பியை அசைத்தால் உள்ளே ஆடியது. மோட்டர்கள் 15 அம்பியர் இழுக்கும்போது 0.1 ஓம் போதும், அவ்வளவும் அங்கேயே போய்விடும். பற்றரியும் சுமையில் 1 வோல்ற் இறங்க, 7805க்கு (அழுத்தத்தை 5 வோல்ற்றாக இறக்கித் தரும் சீராக்கி) மிஞ்சியது 5.4. அது வெளியே 5 வோல்ற் தர உள்ளே 7 அளவில் வேண்டும். பிறகு ஈஎஸ்பிக்கு எங்கே காணும்?

இதில் மூட்டிலே இருந்தது தடை. அதனால் வந்தது அழுத்த வீழ்ச்சி. இரண்டுக்கும் சொல் உண்டு. மூன்றாவதாக, ‘இதற்குக் கீழே போனால் என் நினைவகத்தை நானே நம்பமாட்டேன்’ என்று சிப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறதே, அதற்குத்தான் சொல் தேடுகிறோம். குறைமின்னழுத்தம் காரணம், இது அதன் விளைவு.

(தடை என்றதும் ஒன்று: தமிழ்நாட்டு நண்பர்கள் ‘மின்தடை’ என்று எழுதினால் எனக்கு ஒவ்வொரு முறையும் தடுமாற்றம். ‘மின்தடையால் றோபோ நின்றது’ என்றால் மூட்டுப் பிழையா, ஊரிலேயே கரண்ட் இல்லையா? எங்கள் பாடநூலில் வெறும் ‘தடை’ என்றிருப்பது இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.)

> பழுப்படைவு?

வேண்டாம். பழுப்பு என்றால் எங்களுக்கு உதிரப்போகும் இலை. ‘மின்மங்கல்’ நல்ல சொல், கிணற்று மோட்டர் போட்டவுடன் வீட்டில் குண்டு பல்ப் மங்குவதை அப்படியே காட்டுகிறது. ஊர் மின்சாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் சிப் மங்குவதில்லை, விழுந்து எழும்புகிறது.

‘மின்சோர்வு’ம் யோசித்தேன். சோர்வு மெல்ல மெல்ல வருவது, பழைய பற்றரிக்குப் பொருந்தும். ‘மின்மயக்கம்’ நான் உட்கார்ந்து யோசித்த சொல் அல்ல. களத்தருகே நின்ற பிள்ளை ஒன்று “சேர், திருப்பியும் மயங்கிட்டுது” என்று கத்தியது, அவ்வளவுதான். வினையாகவும் வருகிறது பாருங்கள், ‘5.4இல் மயங்கிவிட்டது’. டிடெக்டருக்கு ‘மயக்க உணரி’, அந்த எல்லைக்கு ‘மயக்க வரம்பு’ (ஆர்டுயினோ ஊனோ என்ற பயிற்சிப் பலகையில் வழக்கமாக 2.7 வோல்ற்). மற்றச் சொற்களில் இப்படிக் கிளை விடவில்லை.

மின்சாரம் தாக்கி ஆள் மயங்கியது என்று வாசிக்கமாட்டார்களா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், தனிச்சொல்லாகத் தலைப்பில் போட்டால் குழம்பும். வாக்கியத்தில் எழுவாய் சிப் என்றால் குழம்பாது என்று நினைக்கிறேன், ஆனாலும் பாதுகாப்புக் குறிப்புப் பக்கத்தில் மட்டும் இதைத் தவிர்ப்போம்.

கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், ஆனால் வினையாக்கி ஒரு வாக்கியமும் சேர்த்து.