காப்ராவைப் படிப்பதா, வேண்டாமா?

குழப்பவாதி கேட்டது:

எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜெனீவாவில் இருக்கும் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வக வளாகத்து நடராஜர் படம் வந்துவிடும், கூடவே "நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்" என்று ஒரு வரி. இந்தத் தடவை பெரியப்பா, சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் ஒரு இயற்பியலாளரே எழுதியிருக்கிறார், தேடிப் பார் என்றார். தேடினால் ஃப்ரிட்ஜோஃப் காப்ரா. சரி என்று அவர் எழுதிய 'தாவோ ஆஃப் பிசிக்ஸ்' வாங்கி அங்கங்கே புரட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து இழுக்கிறது, ஆனால் கடைசி அத்தியாயங்கள் வகுப்பில் படித்ததோடு ஒட்டவே இல்லை, புரோட்டானுக்குள் இருக்கும் அடிப்படைத் துகளான குவார்க்கை அழையா விருந்தாளி மாதிரி நடத்துகிறார். ஆள் உண்மையிலேயே இயற்பியலாளர்தானா? அப்புறம் இவரைச் சூழலியல் சிந்தனையாளர் என்றும் சொல்கிறார்களே, அது எப்படி?

பழைய புரொபசர்:

இயற்பியலாளர்தான் தம்பி, அதில் சந்தேகம் வேண்டாம். 1966-இல் வியன்னாவில் முனைவர் பட்டம், அப்புறம் பாரிஸ், கலிஃபோர்னியா, லண்டன் இம்பீரியல் கல்லூரி. 1969 கோடையில் சான்டா குரூஸ் கடற்கரையில் அலைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சுற்றியிருக்கும் எல்லாமே துகள்களின் நடனம், அதுவே சிவ தாண்டவம் என்று தோன்றியதாக எழுதுகிறார். (அந்தக் காலத்து கலிஃபோர்னியாவின் செடிகொடிகளும் கொஞ்சம் உதவின என்று முன்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார், பெரியப்பாவிடம் அதையும் சொல்லுங்கள்.)

நீங்கள் கண்டுபிடித்த உறுத்தல் சரியானது. அறுபதுகளில் பெர்க்லியில் ஜெஃப்ரி சூ என்பவர் 'பூட்ஸ்ட்ராப்' என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். புரோட்டான் மாதிரியான வலுவிசைத் துகள்களில் எதுவும் அடிப்படை கிடையாது, ஒவ்வொன்றும் மற்றவற்றால் ஆனது, ராஜா மந்திரி என்று யாரும் இல்லை. அதற்கு அணுக்கரு ஜனநாயகம் என்றே பெயர். எல்லாம் எல்லாவற்றோடும் பின்னியது என்கிற பௌத்த, சீனத் தாவோ சிந்தனையோடு அது அழகாகப் பொருந்தியது, காப்ரா தன் நூலின் உச்சத்தை அதன் மேல்தான் கட்டினார்.

காலம்தான் சதி செய்தது. புரோட்டானுக்குள் புள்ளி போன்ற பொருள்கள் இருப்பதை ஸ்டான்ஃபோர்டு துகள் முடுக்கி அதற்கு முன்பே காட்டியிருந்தது. 1970-இல் காப்ரா வேலை பார்த்ததும் அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்தில்தான்! 1974 நவம்பரில், புதுவகைக் குவார்க்கால் ஆன ஜே/சை என்ற துகள் கிடைத்தது, குவார்க்கை நம்பாதவர்களும் நம்ப ஆரம்பித்தார்கள். நூல் வந்தது 1975. சரி, அது துரதிர்ஷ்டம். ஆனால் பின்னால் வந்த பதிப்புகளில் பின்னுரை சேர்த்தபோதும் பூட்ஸ்ட்ராப்பை அவர் விடவில்லை, என்னால் அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. இன்னொரு வேடிக்கை: செர்னில் நடராஜரை வைத்தது 2004-இல். அதே ஆண்டு, குவார்க்குகளை நிலைநாட்டிய கோட்பாட்டுக்காக நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் டேவிட் கிராஸ், அதாவது ஜெஃப்ரி சூவின் மாணவர்.

வரப்போரம்:

புரொபசர் ஐயா சொன்னதோடு சண்டையில்லை, ஆனால் ஆளை அங்கேயே விட்டுவிடாதீர்கள். நான் வேளாண்மை படித்தவன், எனக்குக் காப்ரா கிடைத்தது 1996-இல் வந்த 'வெப் ஆஃப் லைஃப்' வழியாக. சிலி நாட்டு உயிரியலாளர்கள் மாத்துரானா, வரேலா இருவரின் கருத்தை அதில் விளக்குவார். செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடக்கும் வேதிவினைகள்தான் சவ்வை உண்டாக்குகின்றன, அந்தச் சவ்வு இருப்பதால்தான் அந்த வினைகள் சிதறாமல் நடக்கின்றன. எது முதல், எது அடிப்படை என்று கேட்டால் பதில் இல்லை. கவனித்தீர்களா, புரோட்டான் விஷயத்தில் தோற்றுப்போன அதே எண்ணம்தான் இது, இங்கே கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது! மண்ணும் அப்படித்தான், மண்புழுவை வளர்ப்பது மண்ணா, மண்ணை ஆக்குவது மண்புழுவா?

வெறும் பேச்சோடும் நிற்கவில்லை. 1995-இல் பெர்க்லியில் சூழலியல் கல்விக்கென்று ஒரு மையம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகள் தோட்டம் போட்டு, விளைந்ததைச் சமைத்துச் சாப்பிட்டு, மிச்சத்தை மட்க வைத்துத் திரும்ப மண்ணில் போட்டுப் படிக்கும் திட்டத்துக்கு அந்த மையம் துணை நின்றது. உணவுச் சுழற்சியைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படித்த எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒத்துக்கமாட்டேன்:

ஒரே ஒரு இடைஞ்சல். கீழைத் தத்துவம் இயற்கையோடு ஒன்றச் சொல்கிறது, அதனால் நம்மைக் காப்பாற்றும் என்கிற தொனி அவரிடம் அடிக்கடி வரும். யீ-ஃபூ துவான் என்ற புவியியலாளர் 1968-இலேயே இதைக் கேள்வி கேட்டுவிட்டார். தாவோ பிறந்த சீனாவிலேயே மலைகள் மொட்டையாகியிருக்கின்றன, கோயில் கட்ட மரம், பௌத்தம் கொண்டுவந்த தகனத்துக்கு விறகு என்று. தத்துவம் ஒரு பக்கம், கோடரி ஒரு பக்கம்.

குழப்பவாதி:

எல்லோருக்கும் நன்றி. தாவோவை இப்போதைக்கு மூடிவைத்துவிட்டு 1996 நூலைத் தேடுகிறேன். டேவிட் கிராஸ் சங்கதியைக் குடும்பக் குழுவில் போட்டேன். பெரியப்பா பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை.