உணவகங்களில் டோஃபுவை விரும்பி உண்ண வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். இறைச்சி உண்பதை விட்டுவிட்ட எனக்கு, வெளியில் சாப்பிடும்போது பெரும்பாலும் சோயாப் பாலிலிருந்து செய்யப்படும், பனீர் போன்ற டோஃபுவே தேர்வாக அமைகிறது. ஆனால் அதன் வழுவழுப்பு இன்னும் நாவுக்குப் பழகவில்லை. சோயாப் பாலைக் கால்சியம் சல்பேட் அல்லது மெக்னீசியம் குளோரைடு சேர்த்துத் திரளச் செய்து, அழுத்தி நீரை வடித்தால் கெட்டி வகையும், அழுத்தாமல் விட்டால் மிக மென்மையான வகையும் கிடைக்கும் என்பதை அறிவேன். எனினும் உணவுப் பட்டியலில் எந்த வகை என்று குறிப்பிடுவதே அரிது. அதை எவ்வாறு கேட்டறிவது?

சீனாவின் சிச்சுவான் மாகாண முறையிலான மாப்போ டோஃபு என்னும் காரமான உணவில் வழக்கமாகக் கொத்திறைச்சி சேர்கிறது. மேலே மொறுமொறுப்பாகப் பொரித்துத் தரும் ஜப்பானிய அகெதாஷி டோஃபு என்னை ஈர்த்தாலும், அதன் சாறு பெரும்பாலும் உலர்மீனில் தயாராவதால் தயங்குகிறேன். இவற்றை இறைச்சியோ மீனோ இன்றிச் செய்து தரக் கேட்டால் சுவை குன்றுமா? உறையவைத்து உருக்கிய டோஃபு பஞ்சுபோலக் குழம்பை உறிஞ்சும் என்பதால், அதுவே எனக்குப் பொருந்தும் எனக் கருதுகிறேன். தொடக்கத்தில் டோஃபுவை விரும்பாமல் பின்னர் ரசித்து உண்ணக் கற்றவர்கள், எந்த உணவிலிருந்து தொடங்கினீர்கள் என்பதை அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.